கல்லூரி ஐஸ் ஹாக்கி 2024-25: கான்பரன்ஸ் பட்டியலும் பேர்வைஸும் ஏன் ஒத்துப் போகல?

ஏற்காடு_20வளைவு கேட்டது:

வணக்கம். சேலத்துலயும் ஏற்காட்டுலயுமா இருக்கிற ஆறு பேர் சேர்ந்து அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கிக்கு ஒரு கணிப்புப் போட்டி நடத்துறோம். காசு கிடையாது. தோத்தவர் அடிவாரத்துல டீயும் போண்டாவும் வாங்கித் தரணும், அவ்வளவுதான். அடுத்த சீசன் தொடங்குறதுக்குள்ள 2024-25 சீசனை முழுசா எக்செல்ல ஏத்தி, நம்ம கணக்கு அதிகாரபூர்வ பட்டியலோட ஒத்துப் போகுதான்னு சரிபார்த்துட்டு இருக்கோம்.

மூணு இடத்துல முட்டுது.

ஒண்ணு, கான்பரன்ஸ் (கல்லூரிகள் பிரிஞ்சு ஆடுற லீக்) புள்ளி சரியா வருது, ஆனா அதே மேட்சுகளை வெச்சுப் போடுற தேசிய தரவரிசை (பேர்வைஸ்) வரவே மாட்டேங்குது. சில அணிக்கு வெற்றி எண்ணிக்கையே ஒரு தளத்துல ஒண்ணு, இன்னொரு தளத்துல வேற.

ரெண்டு, நிறைய ஜெயிச்ச அணி வெளியில நிக்குது, பட்டியல்ல கீழ இருக்கிற அணி தேசியப் போட்டிக்கான 16-க்குள்ள போகுது. பென்ட்லி கல்லூரி எப்படி உள்ள வந்துச்சு?

மூணு, தேதி. வெள்ளிக்கிழமை மேட்ச்னு போட்டிருக்கும், நமக்கு சனிக்கிழமை. நவம்பர்ல நேரமும் மாறுது. எப்போ தாளைப் பூட்டுறது?

விதிகள் ஓரளவு தெரியும். பக், பவர் ப்ளே எல்லாம் விளக்க வேண்டாம். கணக்குதான் வேணும்.

---

ஸ்டாட்ஸ்_அக்கா எழுதியது:

தம்பி, ஒரே மேட்சை மூணு கணக்குல மூணு விதமா எழுதுறாங்க. நீங்க ஒரே நெடுவரிசையில அடைக்கப் பார்க்கிறீங்க, அதான் முட்டுது.

60 நிமிஷம் முடிஞ்சு 2-2ன்னு வெச்சுக்குங்க. லீக் கட்டத்துல அடுத்து 5 நிமிஷ ஓவர்டைம், பக்கத்துக்கு மூணு ஆட்டக்காரர், கூட கோலி. கோல் விழுந்தா அதோட முடிஞ்சது. விழலைன்னா, கான்பரன்ஸ் மேட்சா இருந்தா ஷூட்அவுட்.

ஓவர்டைம்ல 'அ' அணி கோல் போட்டா: வெற்றி-தோல்விப் பதிவேட்டுல 'அ'வுக்கு முழு வெற்றி. கான்பரன்ஸ் பட்டியல்ல 'அ'வுக்கு 2, 'ஆ'வுக்கு 1. தேசியக் கணக்குல 'அ'வுக்கு மூணுல ரெண்டு பங்கு வெற்றி, 'ஆ'வுக்கு மூணுல ஒரு பங்கு.

ஷூட்அவுட்ல 'அ' ஜெயிச்சா: கான்பரன்ஸ்ல மறுபடி 2, 1. ஆனா பதிவேட்டுலயும் தேசியக் கணக்குலயும் அது டிரா, ஆளுக்குப் பாதி. உங்களுக்கு வெற்றி எண்ணிக்கை தளத்துக்குத் தளம் மாறுறது பெரும்பாலும் இதனாலதான். ஒருத்தர் ஷூட்அவுட்டை வெற்றியா எண்ணியிருப்பார், இன்னொருத்தர் டிராவா. பாஸ்டன் பக்கத்துக் கல்லூரிகள் ஆடுற பீன்பாட் கோப்பையோட 2023 இறுதியே இதுக்கு உதாரணம். ஹார்வர்டை ஷூட்அவுட்ல தோற்கடிச்சு கோப்பையைத் தூக்கினது நார்த்ஈஸ்டர்ன், ஆனா என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டை நடத்துற அமைப்பு) ஏட்டுல அது 2-2 டிரா.

60 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சா சிக்கலே இல்ல: கான்பரன்ஸ்ல 3, 0. தேசியக் கணக்குல 1, 0.

அதனால 'முடிந்த விதம்'னு ஒரு நெடுவரிசை சேருங்க. 'நே'ன்னா நேரத்துக்குள்ள, 'ஓ'ன்னா ஓவர்டைம், 'ஷூ'ன்னா ஷூட்அவுட், 'டி'ன்னா வெறும் டிரா. கான்பரன்ஸ் இல்லாத மேட்சுல ஷூட்அவுட் கட்டாயமில்ல, அதனால 'டி' நிறைய வரும். கோல் எண்ணிக்கையையும் இந்தக் குறியையும் மட்டும் கையால ஏத்துங்க. மூணு கணக்கும் ஃபார்முலாவுல வரட்டும். கையால மூணு இடத்துல ஏத்தினா டிசம்பருக்குள்ள குழம்பிடும்.

ஒரு பொறி இருக்கு. மார்ச்சுல கான்பரன்ஸ் நாக் அவுட் தொடங்கினதும் ஓவர்டைம் விதி மாறிடும்: 20 நிமிஷம், அஞ்சுக்கு அஞ்சு, கோல் விழற வரைக்கும். அங்க ஜெயிச்சா முழு வெற்றி, மூணுல ரெண்டு இல்ல. 2025-ல என்.சி.எச்.சி. கான்பரன்ஸ் இறுதியில வெஸ்டர்ன் மிஷிகன் டென்வரை 4-3ன்னு இரண்டாவது ஓவர்டைம்ல ஜெயிச்சது. பிக் டென் இறுதியில மிஷிகன் ஸ்டேட் ஒஹாயோ ஸ்டேட்டை அதே 4-3, அதே இரண்டாவது ஓவர்டைம். ரெண்டையும் 'ஓ'ன்னு போட்டா தாள் பொய் சொல்லும். 'நே'ன்னே போடுங்க.

---

சேர்வராயன் எழுதியது:

அக்கா சொன்னது உள்ளே போகும் எண். அதற்குப் பிறகு ஆர்.பி.ஐ. (எதிரணிகளின் பலத்தையும் சேர்த்த வெற்றிக் குறியீட்டெண்) எப்படிச் சமைக்கப்படுகிறது என்று தெரியாவிட்டால் பேர்வைஸ் வராது. 2024-25 வரை இருந்த முறை இது.

ஆர்.பி.ஐ. = 0.25 × தன் வெற்றி விகிதம் + 0.21 × எதிரணிகளின் வெற்றி விகிதம் + 0.54 × எதிரணிகளின் எதிரணிகளுடைய வெற்றி விகிதம். அதாவது தன் உழைப்புக்குக் கால் பங்கு, யாரோடு மோதினாய் என்பதற்கு முக்கால் பங்கு. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

எதிரணியின் விகிதத்தைப் போடும்போது, அது உங்கள் அணியோடு ஆடிய மேட்சுகளைக் கழித்துவிட வேண்டும். பலரும் விடும் இடம் இது. கழிக்காவிட்டால் நாம் ஜெயித்ததே எதிரணியைப் பலவீனமாகக் காட்டி, நம்மையே கீழே இழுக்கும்.

அடுத்து, இடத்துக்கான எடை. தன் வெற்றி விகிதத்துக்கு மட்டும் இது உண்டு. சொந்த ஊர் வெற்றி 0.8, வெளியூர் வெற்றி 1.2. தோல்வி தலைகீழ்: சொந்த ஊரில் தோற்றால் 1.2, வெளியூரில் தோற்றால் 0.8. பொது மைதானம் (இரு அணிக்கும் சொந்தமில்லாதது) 1. ஓர் அணி உள்ளூரில் 8 வெற்றி, 2 தோல்வி. வெளியூரில் 6 வெற்றி, 4 தோல்வி என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கணக்கில் 20-க்கு 14, அதாவது 0.700. எடை போட்டால் வெற்றி 6.4 + 7.2 = 13.6, தோல்வி 2.4 + 3.2 = 5.6, விகிதம் 13.6 / 19.2 = 0.708. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் பட்டியலின் நடுவில் மூன்றாம் தசமத்தில்தான் சண்டையே நடக்கிறது.

'கெட்ட வெற்றி' நீக்கம் என்று ஒன்று உண்டு. உங்கள் தாள் ஒத்துப் போகாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு மேட்சின் பங்கை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். எதிரணியின் விகிதம் 0.250, அதன் எதிரணிகளுடையது 0.480. ஜெயித்தால் 0.25 + 0.0525 + 0.2592 = 0.5617. உங்கள் அணியின் ஆர்.பி.ஐ. 0.580 என்றால், ஜெயித்தும் எண் இறங்கும்! அதனால் அப்படிப்பட்ட வெற்றிகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். தோல்வியை எடுப்பதில்லை. அதே அணியிடம் தோற்றால் 0.3117 அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆக, பலவீனமான அணியோடு ஆடுவதில் லாபம் ஏதுமில்லை, நஷ்டம் மட்டும் உண்டு. பெரிய அணிகள் அக்டோபரிலேயே ஒன்றோடொன்று மோதிக்கொள்வதற்கு ரசிகர்களின் ஆர்வம் மட்டும் காரணமல்ல.

ஆர்.பி.ஐ.யில் முதல் 20 இடத்தில் இருக்கும் அணியை வென்றால் கூடுதல் புள்ளி: முதலிடத்துக்கு 0.050, இருபதாம் இடத்துக்கு 0.0025, நடுவே சமமாக இறங்கும். நீங்கள் ஜெயித்த அணி பிப்ரவரியில் 20-இலிருந்து 21-க்கு இறங்கினால், நவம்பரில் நீங்கள் வாங்கிய போனஸ் போய்விடும். ஆடாமலேயே எண் ஏறி இறங்குவது இதனால்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகே பேர்வைஸ். ஒவ்வோர் அணியையும் மற்ற 63 அணிகளோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். 64 அணிக்கு மொத்தம் 2,016 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஆர்.பி.ஐ. கூடியவருக்கு ஒரு புள்ளி, பொது எதிரணிகளிடம் சிறப்பாக ஆடியவருக்கு ஒரு புள்ளி, நேருக்கு நேர் வெற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சமனானால் ஆர்.பி.ஐ. தீர்மானிக்கும். எத்தனை ஜோடியில் வென்றார்கள் என்பதே பேர்வைஸ் வரிசை. இதை எக்செலில் போட 64 × 64 கட்டம் தேவை. சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

பென்ட்லி வந்த வழி வேறு. 16 இடங்களில் 6 இடம் ஆறு கான்பரன்ஸ் நாக் அவுட் சாம்பியன்களுக்கு. மீதி 10 தான் பேர்வைஸ்படி. 2025-இல் அந்த ஆறு: ஹாக்கி ஈஸ்டில் மெய்ன், பிக் டென்னில் மிஷிகன் ஸ்டேட், என்.சி.எச்.சி.யில் வெஸ்டர்ன் மிஷிகன், சி.சி.எச்.ஏ.வில் மின்னசோட்டா ஸ்டேட், ஈ.சி.ஏ.சி.யில் கார்னெல், அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்காவில் பென்ட்லி. மெய்ன், மிஷிகன் ஸ்டேட் போன்றவை எப்படியும் உள்ளே வந்திருக்கும். அவர்கள் கோப்பை வென்றால் யாருக்கும் இடம் பறிபோகாது. கார்னெலும் பென்ட்லியும் வென்றபோது பேர்வைஸில் வாசலில் நின்றவர்கள் வெளியே போனார்கள். மார்ச் மூன்றாம் வாரம் கணிக்கும்போது 'பதினாறாம் இடம் பாதுகாப்பு' என்று நினைக்காதீர்கள். எந்தெந்தக் கான்பரன்ஸில் பின்வரிசை அணி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எண்ணி, அத்தனை இடத்தைக் கழியுங்கள்.

---

நாலுரோடு_பெனால்டி எழுதியது:

சேர்வராயன் சார் எல்லாத்தையும் சொல்லிட்டார். ஒரு விஷயம் மட்டும்: இந்த 2,016 ஜோடிக் கட்டத்தை மாங்கு மாங்குன்னு கட்டாதீங்க. 2025-26-லிருந்து பேர்வைஸையே எடுத்துட்டு என்.பி.ஐ.ன்னு ஒரு குறியீட்டெண் கொண்டு வந்துட்டாங்க. நேருக்கு நேர், பொது எதிரணி ஒப்பீடெல்லாம் அதுல கிடையாது. எதிரணியோட பலம்ங்கிறதே எதிரணியோட என்.பி.ஐ.தான். வட்டமா சுத்துற கணக்கு. எக்செல்ல போடணும்னா 'இட்டரேட்டிவ் கால்குலேஷன்' அமைப்பை ஆன் பண்ணி, எண் அசையாம நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட விடணும். இல்லாட்டி சுழல் குறிப்புப் பிழைன்னு கத்தும். பழைய சீசனைச் சரிபார்க்க மட்டும் பேர்வைஸ், புதுசுக்கு என்.பி.ஐ.

இப்போ நேரம். அமெரிக்கக் கிழக்கு நேரத்தோட, கோடைக் கணக்குல 9 மணி 30 நிமிஷம் கூட்டணும். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரைக்கும் 10 மணி 30 நிமிஷம். அந்த சீசன்ல 2024 நவம்பர் 3, 2025 மார்ச் 9. ஆக பாஸ்டன்ல வெள்ளி ராத்திரி 7 மணி மேட்ச், அக்டோபர்ல நமக்கு சனி காலை 4:30, டிசம்பர்ல 5:30. மின்னசோட்டா, நார்த் டகோட்டா பக்கம்னா இன்னும் ஒரு மணி கூட்டுங்க. டென்வர்னா ரெண்டு மணி, அதாவது குளிர்காலத்துல காலை 7:30. அலாஸ்கா ரெண்டு அணியும் தனி ராகம்: அங்க ராத்திரி 7 மணின்னா குளிர்காலத்துல நமக்கு மறுநாள் 9:30.

ஒரு மேட்ச் இடைவேளையோட ரெண்டரை மணி நேரம். அலாஸ்காவுல சனி ராத்திரி நடக்கிறது நமக்கு ஞாயிறு மதியம் 12 மணி சுமாருக்கு முடியும். ஆனா ஞாயிறு மதியம் அமெரிக்காவுல ஆடுற மேட்சும் நடுநடுவே உண்டு, அது நமக்கு ஞாயிறு நடுராத்திரி தாண்டும். அதனால தாளைத் திங்கள் காலையில பூட்டுங்க. கணிப்பைக் கொடுக்க கடைசி நேரம் வெள்ளி ராத்திரி 10 மணின்னு வெச்சா போதும், அங்க அப்போ மதியம்தான்.

தேதி நெடுவரிசையில அமெரிக்கத் தேதியையே போடுங்க. நம்ம தேதிக்கு மாத்தினா, ஒரே வார இறுதித் தொடர்ல வெள்ளி மேட்சும் சனி மேட்சும் சனி, ஞாயிறுன்னு ஆகி, தளத்துல தேடறப்போ கிடைக்காது.

பீன்பாட் மட்டும் திங்கள்ல வரும். பிப்ரவரி முதல் ரெண்டு திங்கள், பாஸ்டன்ல நாலு கல்லூரி: பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யுனிவர்சிட்டி, ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன். 2025 இறுதியில பாஸ்டன் யுனிவர்சிட்டி 4-1. நமக்கு செவ்வாய் விடியல், ஏற்காட்டுல பனி மூடி நெட் தடுமாறுற நேரம். ஸ்கோர் பக்கம் மட்டும் பார்த்தா டேட்டா பெருசா இழுக்காது. வீடியோதான் வேணும்னா ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிப் போட்டுக்குங்க.

---

ஏற்காடு_20வளைவு எழுதியது:

ரொம்ப நன்றிங்க. முடிந்த விதம் குறி போட்டதுமே பதிவேட்டுக் கணக்கு ஒத்துப் போச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். எல்லா அணிக்கும் மேட்ச் எண்ணிக்கை ஒண்ணா இல்லையே, ஹார்வர்டுக்கு ஏன் கம்மியா இருக்கு? அப்புறம், முதல் தரவரிசை நாலு அணியை நம்பி நாலு பேர் பந்தயம் கட்டிட்டு தோத்துட்டாங்க. ரீஜனல்ல (தேசியப் போட்டியோட முதல் ரெண்டு சுற்று) என்ன கணக்கு?

---

ஸ்டாட்ஸ்_அக்கா எழுதியது:

லீக் கட்டத்துக்கு என்.சி.ஏ.ஏ. உச்சவரம்பு 34 மேட்ச். அலாஸ்காவுக்குப் போய் ஆடினா அந்த மேட்சுகள் வரம்புல சேராது, அதனால சிலருக்கு 34-க்கு மேலயும் வரும். ஐவி லீக் கல்லூரிகள் (ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், பிரவுன், கார்னெல், டார்ட்மத்) தங்களுக்குத் தாங்களே 29-னு வெச்சிருக்காங்க, தொடங்குறதும் தாமதம். அதனால அக்டோபர் கடைசியில ஈ.சி.ஏ.சி. பட்டியலைப் பார்த்துட்டு முடிவுக்கு வராதீங்க.

கான்பரன்ஸ் மேட்சும் ஒரே எண்ணிக்கை இல்ல. ஹாக்கி ஈஸ்ட், பிக் டென், என்.சி.எச்.சி. 24. அட்லாண்டிக் 26, சி.சி.எச்.ஏ.வுல பெரும்பாலான அணிகளுக்கும் 26. ஈ.சி.ஏ.சி. 22. ஈ.சி.ஏ.சி.யில இன்னொரு வித்தியாசம்: மத்த இடங்கள்ல பெரும்பாலும் வெள்ளியும் சனியும் ஒரே எதிரணி. அங்க ரெண்டு கல்லூரி ஜோடியா ஒரே பாதையில பயணம் போய், வெள்ளி ஒருத்தரோட ஆடி சனிக்கிழமை எதிரணியை மாத்திக்கும். தொடரை வெச்சுக் கணிக்கிற ஃபார்முலா அங்க ஓடாது.

பயிற்சி மேட்ச் கணக்குல வராது. அமெரிக்காவோட 18 வயசுக்குட்பட்ட தேசியப் பயிற்சி அணி, கனடா பல்கலைக்கழகங்கள் இவங்களோட ஆடுறதெல்லாம் அந்த வகை. அட்டவணையில இருக்கும், அப்படியே நகலெடுத்தா உள்ள வந்துடும்.

அப்புறம் பெயர். எக்செலோட வி-லுக்கப் ஃபார்முலாவுல கடைசி மதிப்பை 'ஃபால்ஸ்'னு போடாட்டி மிஷிகன் நாறிடும். மிஷிகன், மிஷிகன் ஸ்டேட், மிஷிகன் டெக், வெஸ்டர்ன் மிஷிகன், நார்தர்ன் மிஷிகன் எல்லாம் தனித்தனி. மின்னசோட்டா, மின்னசோட்டா ஸ்டேட், மின்னசோட்டா டுலூத் வேற வேற. மயாமின்னா ஃப்ளோரிடா இல்ல, ஒஹாயோ. ஒவ்வோர் அணிக்கும் மூணெழுத்துக் குறி ஒண்ணு வெச்சுக்குங்க.

---

சேர்வராயன் எழுதியது:

ரீஜனல் பற்றி. 16 அணிகளை நான்கு நான்காகப் பிரித்து, நான்கு ஊர்களுக்கு அனுப்புவார்கள். இறுதி உட்பட எல்லாமே ஒற்றை மேட்ச். முதல் சுற்றில் ஒரே கான்பரன்ஸ் அணிகள் மோதாமல் பார்ப்பார்கள். ஒரு ரீஜனலை நடத்தும் கல்லூரி தகுதி பெற்றால் அந்த ஊருக்கே போகும். இரண்டாவது விதி பலருடைய கணிப்பைக் கவிழ்க்கிறது. 2025-இல் அலன்டவுன் ரீஜனலை நடத்தியது பென் ஸ்டேட். டிசம்பர் இடைவேளையில் பிக் டென் பட்டியலின் அடியில் கிடந்த அணி, ரீஜனலின் நான்கு அணிகளில் நான்காம் தரவரிசையில் தகுதி பெற்று, தன் மாநிலத்திலேயே மெய்னை 5-1 என்று வீழ்த்தியது. பிறகு கனெக்டிகட்டை ஓவர்டைமில் 3-2. பொது மைதானம் என்று ஏட்டில் இருக்கும். இருக்கைகளில் இருந்தவர்கள் யார் என்று ஏட்டில் இருக்காது.

மிஷிகன் ஸ்டேட் முதல் மேட்சிலேயே கார்னெலிடம் 4-3. பாஸ்டன் காலேஜ் ரீஜனல் இறுதியில் டென்வரிடம் 3-1. நான்கு முதல் தரவரிசை அணிகளில், அரையிறுதியும் இறுதியும் நடந்த செயின்ட் லூயிஸுக்குப் போனது வெஸ்டர்ன் மிஷிகன் மட்டும். அதுவும் மின்னசோட்டா ஸ்டேட்டை ஓவர்டைமில் 2-1, மாசசூசெட்ஸை 2-1 என்று இரண்டையும் ஒரு கோலில்தான் கடந்தது. அரையிறுதியில் டென்வரை இரண்டாவது ஓவர்டைமில் 3-2. இறுதியில் பாஸ்டன் யுனிவர்சிட்டியை 6-2, அவர்களுடைய முதல் பட்டம். ஏப்ரல் 12 சனி இரவு. நமக்குப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் விடியல்.

ஒற்றை மேட்சில் ஒரு கோலி சூடாக இருந்தால் ஆர்.பி.ஐ. என்ன செய்யும்? எனவே சாம்பியன் யார் என்று ஒரே பெயர் கேட்காதீர்கள். ஒவ்வோர் அணிக்கும் சாத்தியத்தை நூற்றுக்கு எத்தனை என்று கேட்டு மதிப்பெண் போடுங்கள். நான்கு முதல் வரிசை அணிகளும் வந்துவிடும் என்று கணிப்பவருக்குத் தண்டனை கூடுதலாக இருக்க வேண்டும்.

கடைசியாக, டிசம்பர் 26 முதல் ஜனவரி 5 வரை வரும் மேட்சுகளுக்குத் தனி நிறம் கொடுங்கள். அப்போது உலக ஜூனியர் போட்டி (20 வயதுக்குட்பட்ட தேசிய அணிகளுக்கானது) நடக்கும்; நல்ல கல்லூரி அணிகளின் முக்கியமான பையன்கள் அங்கே போய்விடுவார்கள். 2025-இல் ஒட்டாவாவில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் பாஸ்டன் காலேஜின் ரையன் லெனர்ட், பாஸ்டன் யுனிவர்சிட்டியின் கோல் ஹட்சன், மிஷிகன் ஸ்டேட்டின் கோலி ட்ரே அகஸ்டின் எல்லோரும் இருந்தார்கள். அந்த வாரத் தோல்வி தேசியக் கணக்கில் முழுத் தோல்விதான், ஆனால் மார்ச்சில் அந்த அணி எப்படி ஆடும் என்று கணிக்க அதை நம்ப முடியாது.

---

நாலுரோடு_பெனால்டி எழுதியது:

2025-26-லிருந்து இன்னொரு மாற்றமும் சேர்த்துக்குங்க. கனடாவோட மேஜர் ஜூனியர் லீக்ல ஆடினவங்களுக்கு அதுவரைக்கும் கல்லூரி ஹாக்கி மூடின கதவு. 2024 நவம்பர்ல என்.சி.ஏ.ஏ. திறந்து விட்டது, 2025 ஆகஸ்ட் 1 முதல் அமல். கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட்டுக்கு வந்தது அந்த வழியாத்தான். அதனால போன சீசன் ஆர்.பி.ஐ.யை அப்படியே தொடக்க மதிப்பா எடுத்தீங்கன்னா அக்டோபர் முழுக்க கணிப்பு தப்பும். பழைய எண்ணுக்கும் 0.500-க்கும் நடுவுல பாதியில தொடங்குங்க, ஆறேழு வார இறுதிக்கு அப்புறம் பழசை முழுசா தூக்கிடுங்க.